எங்கள் வீட்டு முறைப்பாசனம்: டெல்டா ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம்.

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்குமா, திறக்காதா என்று பார்த்துப் பார்த்தே நரைத்த தலைமுறை எங்களுடையது. எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் விடுவது, எத்தனை நாள் அடைப்பது என்ற முறைப்பாசனக் கணக்கு எங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதே கணக்கு என் வீட்டுக்குள்ளும் நடக்கிறது. என் மகள் சினிமாவுக்குப் போகும் நாளில் காலை 7 மணிக்கு அரை டம்ளர் காபி. 9 மணிக்கு மாத்திரைக்காக இரண்டு வாய் தண்ணீர். போகிற இடத்தில் அவள் நுழையக்கூடிய கழிப்பறை இருக்காது என்பதால், அதோடு மடை அடைத்தாயிற்று. பதினொன்றரை மணிக் காட்சி முடிந்து வீடு வந்து சேர்ந்த பிறகுதான் மறுபடி திறப்பு. இந்த முறையை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தானாக வகுத்துக்கொண்டாள்.

அவளுக்கு இப்போது 28 வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நிற்க முடியாது. இடது கை சொன்னபடி கேட்காது. பேச்சு கொஞ்சம் இழுபடும். மூளைக்குள் ஓடுவது மட்டும் எங்கள் இருவரையும்விட வேகம். படம் தொடங்கிய இருபதாவது நிமிடத்தில் முடிவை என் காதில் சொல்லிவிடுவாள், பாதிக்கு மேல் சரியாக இருக்கும். நாகசுவரம் என்றால் ஊண் உறக்கம் வேண்டாம். ஆகவே, வீட்டிலேயே தொலைக்காட்சியில் பார்த்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. அவர்களும் வீட்டில் தொலைக்காட்சி வைத்துக்கொண்டுதான் கொட்டகைக்குப் போகிறார்கள்.

நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். எதையும் அளந்து பார்க்காவிட்டால் எனக்கு நிம்மதி இல்லை. சட்டைப்பையில் பேனாவோடு ஓர் இஞ்ச் டேப்பும் இருக்கும். மகளின் சக்கர நாற்காலி, கை வைத்துத் தள்ளும் வளையத்தோடு சேர்த்து, 25 அங்குலம். ஓர் இடத்துக்கு அவளை அழைத்துப் போவதற்கு முன்னால் நான் தனியே போய்க் கழிப்பறைக் கதவை அளந்துவிட்டு வருவது வழக்கம். கழிப்பறை வாசலில் டேப்போடு நிற்கும் கிழவனைப் பார்த்து, மேஸ்திரி என்று நினைத்துத் தன் வீட்டு வேலைக்குக் கூலி பேசியவரும் உண்டு.

ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். திரையரங்கின் பெயரையும் ஊரையும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த ஒன்றை மட்டும் பிடித்து உலுக்குவது என் நோக்கமில்லை. புதிதாகக் கட்டியது. வாசலில் நல்ல சாய்தளம், மேலே போக லிஃப்ட், அரங்குக்குள் சக்கர நாற்காலி நிறுத்த இடம். கழிப்பறைப் பக்கம் நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட தனிக் கதவு. அகலம்கூடப் பரவாயில்லை. எனக்கு ஆனந்தம். முன்கூட்டியே போனபோது கதவு பூட்டியிருந்தது. வேலை நேரம் இல்லையென்று நினைத்துக்கொண்டேன். அது என் தப்பு.

படத்தன்று இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்னால் மகள் என் முழங்கையைத் தட்டினாள். மூவரும் வெளியே வந்தோம். கதவு பூட்டியே இருந்தது. சாவி மேலாளரிடம், மேலாளர் சாப்பாட்டுக்கு. வேலை செய்யும் பையன் ஓடியாடித் தேடி, கால் மணி நேரத்தில் சாவியைக் கொண்டுவந்து திறந்தான். உள்ளே சோளப்பொரி டப்பாக்கள் நிறைந்த அட்டைப் பெட்டிகள், உத்தரம் வரைக்கும். பீங்கான் எங்கே இருக்கிறது என்று பார்க்கவே இரண்டு பெட்டிகளை நகர்த்த வேண்டியிருந்தது. பையனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இதுவரை யாரும் கேட்டதே இல்லை, ஐயா" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. இதே பதிலைச் சபாக்காரர்களிடமும் பொருட்காட்சி நடத்துகிறவர்களிடமும் மண்டபத்துக்காரர்களிடமும் கேட்டிருக்கிறேன். கடைமடைக்குத் தண்ணீர் விடாமல் இருந்துவிட்டு, அங்கே யாருமே நடவு செய்யவில்லையே என்று வியந்துகொள்வதைப் போன்றது இது.

பெட்டிகளை வெளியே அடுக்கி முடிப்பதற்குள் வேளை கடந்துவிட்டது. இனி உடை மாற்ற வேண்டும். எங்கே? மகளைப் படுக்க வைத்துத்தான் மாற்ற முடியும். 52 கிலோ. என் மனைவிக்கு முதுகெலும்பில் தட்டு விலகி நாலு வருடமாகிறது, தூக்க முடியாது. தூக்கக்கூடியவன் நான். நான் பெண்கள் பக்கம் போகக் கூடாது, மகளை ஆண்கள் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கடைசியில் கார் நிறுத்தும் இடத்தில், வாடகை வேனின் பின் இருக்கையில், மூன்று பக்கமும் புடவையைக் கட்டி மறைத்து அந்தக் காரியத்தைச் செய்தோம். அந்தப் படத்தின் இரண்டாம் பாதியை அவள் இன்றுவரை பார்க்கவில்லை.

(இந்த மடலை அனுப்புவதற்கு முன் அவளுக்குப் படித்துக் காட்டினேன். மேலே உள்ள பத்தியில் இரண்டு வாக்கியங்களை அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டேன். தன் பெயரும் வேண்டாம் என்றாள்.)

சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஆட்சியர்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. ஆனால் இந்த மடலைத் திரையரங்கு உரிமையாளர்களும் விழாக் குழுவினரும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் சுருக்கமாக எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் வந்தது. பொதுக் கட்டடம் என்றால் அரசுக் கட்டடம் மட்டும் என்று அதில் இல்லை. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும், பண்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படுகிற கட்டடமும் அதில் சேரும். அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது, கட்டி முடித்ததற்கான சான்றும் தரக் கூடாது என்பது 44ஆவது பிரிவு. ஏற்கெனவே நிற்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்பது 45ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. ஐந்து ஆண்டு என்பது 2022 ஜூனோடு முடிகிறது. இந்தக் கூட்டலுக்குக் கணக்குப்பிள்ளை தேவையில்லை. அந்த விதிகள் பரிந்துரையைப் போல இருக்கின்றன, கட்டாயமான தரங்களாக மாற்றி எழுதுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் கெடு விதித்தது.

மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. முதல் தொகையைப் பார்த்தால், ஒரு பண்டிகை நாளின் சோளப்பொரி வியாபாரத்தில் ஓட்டைக் காசு. அதனால்தான் அபராதத்தை நம்பி உங்களுக்கு எழுதவில்லை. உங்கள் கையில் இருக்கும் வேறொரு காகிதத்தை நம்பி எழுதுகிறேன்.

தமிழ்நாடு திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1955இல் வந்தது. அதன்படி மாவட்டத்தில் திரையரங்குக்கு உரிமம் கொடுப்பவர் ஆட்சியர். ‘சி’ படிவ உரிமம் இல்லாமல் திரையில் ஒரு காட்சி ஓடாது. அதற்காகக் கட்டடம் உறுதியாக இருக்கிறதா, மின்கம்பிகள் சரியாக இருக்கின்றனவா, தீயணைப்பு வசதி உண்டா, சுகாதாரம் எப்படி என்றெல்லாம் அதிகாரிகள் வந்து பார்த்துச் சான்று கொடுக்கிறார்கள். நான் கேட்பது அந்தப் பட்டியலில் ஒரு வரி. நீலப் படம் போட்ட கதவைத் திறக்கச் சொல்லி, ஒரு சக்கர நாற்காலியை உள்ளே தள்ளி, திருப்பி, வெளியே கொண்டுவர முடிகிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்து.

உரிமம் என்ற காகிதத்தின் கனம் எவ்வளவு என்று இந்தப் பகுதி மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ, 94 குழந்தைகள். அந்தத் துயரத்தோடு எங்கள் குறையை ஒப்பிட்டால் என் நாக்கு அழுகிவிடும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடக் கூரைகளிலிருந்து கீற்று இறங்கிய வேகத்தை மட்டும் நினைவுபடுத்துகிறேன். நிர்வாகம் படியேறி உள்ளே போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தால் பார்த்துவிடும்.

அந்த நீலக் கதவுக் கழிப்பறையின் அளவுகளைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி. அறை குறைந்தது 2.2 மீட்டருக்கு 2 மீட்டர், நம் கணக்கில் ஏழேகால் அடிக்கு ஆறரை அடி. கதவு திறந்த நிலையில் 90 சென்டிமீட்டர் இடைவெளி, அதாவது முப்பத்தைந்தரை அங்குலம். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உட்புறமாகத் திறக்கும் கதவை யாரும் தள்ள முடியாது. நிலைப்படி என்று மூன்று அங்குலத்துக்குக் கருங்கல் பதிக்கிறார்களே, அது வேண்டாம். தண்ணீர் வெளியே வராமல் இருக்க வேண்டுமானால் தரையின் வாட்டத்தைச் சரியாகப் போடச் சொல்லுங்கள். பீங்கானின் உயரம் பதினெட்டு, பத்தொன்பது அங்குலம், நாற்காலியின் இருக்கை மட்டத்துக்கு. ஒரு பக்கச் சுவரில் அசையாத கைப்பிடி, மறுபக்கம் மேலே மடக்கி வைக்கும் கைப்பிடி, அந்தப் பக்கம்தான் நாற்காலியை ஒட்டி நிறுத்தி மாறி உட்கார முடியும். அந்த இடத்தில்தான் நம் ஊரில் வாளியையும் துடைப்பத்தையும் வைக்கிறார்கள். கைப்பிடி என்ற பெயரில் துண்டு போடும் கம்பியைத் திருகி வைத்த இடத்தையும் பார்த்தேன். ஒருவர் பாரத்தைத் தாங்கினால் சுவரோடு வந்துவிடும்.

இது உட்கார முடிகிறவர்களுக்கு. என் மகளைப் போல உட்காரவும் பிடி தேவைப்படுகிறவர்களுக்கு இது போதாது. குழந்தைக்கு உடை மாற்றுவதற்கு மடக்குப் பலகை வைக்கிற இடங்கள் பெருநகரங்களில் வந்துவிட்டன. அந்தக் குழந்தை வளர்ந்து 28 வயதானால் எங்கே படுக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிரிட்டனில் தோன்றியிருக்கிறது. 2006இலிருந்து அங்கே பெற்றோர்களும் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் போராடி, 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, அதில் பெரியவர்கள் படுக்கும் அளவுக்கு மேசை, ஆளைத் தூக்கி மாற்றும் கருவி, ஆண் பெண் பேதமில்லாமல் துணையாளும் கூட நுழையலாம் என்றொரு வகைக் கழிப்பறையைக் கேட்டு வாங்கினார்கள். 2021 ஜனவரி முதல் இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் பெரிய பொதுக் கட்டடங்களில் அது கட்டாயம்; 350 பேர் கொள்ளும் கேளிக்கை அரங்குகளும் அந்தக் கணக்கில் வருகின்றன.

அவ்வளவையும் நாளைக்கே கேட்கும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. தூக்கும் கருவி இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியைப் படுக்க வைத்துப் பார்ப்பார்களே, ரெக்சின் போட்ட இரும்புக் கட்டில், அதில் ஒன்றை ஓர் அறையில் போட்டு, உள்தாழ்ப்பாளும் ஒரு குழாயும் வைத்து, கதவில் "துணையாளோடு வரலாம்" என்று எழுதிவிட்டால் எங்கள் பாதிப் பிரச்சினை முடிந்தது. பழைய கொட்டகைகளில் பாதி கல்யாண மண்டபமாகிவிட்டன. அவற்றில் மணமகள் அறைக்கு அடிக்கும் வர்ணச் செலவைவிட இது குறைவாகத்தான் ஆகும்.

என் மகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். இது ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் தெருவில் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன ஒருவர் இருக்கிறார். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே கதீட்டர் குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அதற்குச் சுத்தமான கை, சுத்தமான இடம், உட்கார ஒரு மேடை வேண்டும். அசுத்தமான இடத்தில் செய்தால் கிருமி தொற்றும். செய்யாமல் தள்ளிப்போட்டால் சிறுநீர் பின்னோக்கி அழுத்திச் சிறுநீரகம் கெடும். முதுகெலும்பில் இன்னும் மேலே, மார்பு மட்டத்துக்கு மேல் அடிபட்டவர்களுக்கு நிரம்பிய சிறுநீர்ப்பையே ரத்த அழுத்தத்தைத் திடீரென்று உயிருக்கு ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். கணக்கைப் பாருங்கள்: ஊரிலிருந்து பயணம் ஒரு மணி நேரம், டிக்கெட், காத்திருப்பு அரை மணி, படம் இரண்டே முக்கால், திரும்ப ஒரு மணி. ஐந்தேகால் மணி நேரம். அவர் விபத்துக்குப் பிறகு ஒரு படமும் கொட்டகையில் பார்த்ததில்லை. இளம்பிள்ளைவாதத்தில் கால் சூம்பிய என் வயதுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியதோடு அவர்களும் மறைந்துவிடவில்லை. இடுப்பு எலும்பு முறிந்த பாட்டிகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கட்டடம் இருக்கிற இடத்திலாவது சண்டை போடச் சுவர் இருக்கிறது. நம் மாவட்டங்களில் பாதிக் கேளிக்கை பந்தலிலும் திடலிலும்தானே நடக்கிறது. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ஆராதனை விழா. தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகளையும் வித்வான்கள் வரிசையாக உட்கார்ந்து பாடுவார்கள். பந்தலுக்குப் பின்னால் வண்டிமேல் வைத்த நடமாடும் கழிப்பறைகள், பளபளவென்று. ஒவ்வொன்றுக்கும் ஏற மூன்று இரும்புப் படி. தரையிலிருந்து இரண்டடி உயரம். ஓரடிக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு, ஆகவே இருபத்துநாலு அடி வேண்டும். அங்கே இரண்டடிப் பலகைகூட இல்லை. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி வரைக்கும் மகள் தாக்குப்பிடித்தாள். ஐந்தாவதான ஸ்ரீ ராகம் எடுக்கும்போது நாங்கள் வேனில் இருந்தோம். ஒலிபெருக்கி கொஞ்ச தூரம் வரைக்கும் கூடவே வந்தது.

இதற்குக் கோடிகள் வேண்டாம். அனுமதி கேட்டு வருகிற விழாக் குழுவிடம், பொருட்காட்சி குத்தகைதாரரிடம், சர்க்கஸ்காரரிடம், படியில்லாமல் தரை மட்டத்தில் அகலமான ஒரு கழிப்பறை, அதற்குப் போகும் வழியில் மணலில் நாற்காலி புதையாதபடி ஒரு பலகைப் பாதை என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். மெரினாவில் மணலுக்குமேல் மரப்பாதை போட்டுச் சக்கர நாற்காலிகளை அலை வரைக்கும் கொண்டுபோன மாநிலம் இது. சதய விழா, நாட்டியாஞ்சலிகள், வேளாங்கண்ணித் திருவிழா, நாகூர் கந்தூரி என்று ஆண்டு முழுவதும் கூட்டம் கூடுகிற மண். 2028இல் மகாமகம் வருகிறது. அதற்கான கழிப்பறைகளை எங்கே வைப்பது என்று வரைபடத்தில் புள்ளி குத்தும் கூட்டம் ஒரு நாள் நடக்கும் அல்லவா, அந்தக் கூட்டத்தில் சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் இருக்கட்டும். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டமன்றம் 2025இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. ஆளைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பூட்டு விஷயம் ஒன்று பாக்கி. "பூட்டாவிட்டால் எல்லோரும் போய் அசுத்தம் செய்துவிடுவார்கள்" என்கிறார்கள். மற்ற கழிப்பறைகளும் அசுத்தமாகத்தான் செய்கின்றன. அவற்றைப் பூட்டுவதில்லை, கழுவுகிறார்கள். இதையும் கழுவட்டும். நாற்காலியில் வராதவர் இரண்டு பேர் போனால் போகட்டும். குச்சி ஊன்றிய பெரியவராக இருக்கலாம், வெளியில் தெரியாத குடல் நோய்க்காரராக இருக்கலாம். அப்படியும் பூட்டித்தான் தீர வேண்டும் என்றால் சாவி அந்தக் கதவுக்குப் பத்தடிக்குள் ஒருவர் கையில் இருக்க வேண்டும், அவர் சாப்பிடப் போனால் வேறொருவர் கையில்.

நீங்கள் ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரியோடு வர நான் தயார். பயணப்படி வேண்டாம். டேப் என்னுடையது. மகளும் வருவதாகச் சொல்கிறாள், ஆனால் அவள் நிபந்தனை வேறு: ஆய்வு முடிந்ததும் அதே இடத்தில் ஒரு படம் பார்க்க வேண்டும், இடைவேளையில் முழு டம்ளர் காபி குடிக்க வேண்டும். கும்பகோணம் வட்டத்தில் பிறந்தவளுக்கு இது பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
காவிரிக் கரையிலிருந்து,
ஒரு மகளின் தந்தை

பின்குறிப்பு: இந்த மடலை முடித்த பிறகு, சொன்னது சரியா என்று பார்க்க அந்தத் திரையரங்குக்கு மறுபடி போனேன். அதே பையன் என்னை அடையாளம் கண்டு எழுந்து வந்தான். கதவு பூட்டியில்லை. அட்டைப் பெட்டிகள் இல்லை. தரை துடைக்கும் மாப்பும் ஒரு வாளியும் மட்டும், நாற்காலி நிறுத்த வேண்டிய இடத்தில். அவனே அவற்றை எடுத்து வெளியே வைத்துவிட்டு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். கதவு முப்பத்துநாலு அங்குலம். ஒன்றரை அங்குலம் குறைகிறது.